புறவாசல் தையல்

டிசம்பர் 8, திங்கள்

பெரியத்தையால் தன் தையலைத் தானே பார்க்க முடியாது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். தையல் பின்பக்கம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே தொடங்கி, வளைந்து, தொடையின் ஓரத்தில் முடிகிறது. கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்றாலும் உடம்பை முறுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. அதனால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, சேலையை விலக்கி, என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

"எப்படிட்டி இருக்கு?"

நூல் இல்லை. ஸ்டேப்ளர் பின் மாதிரி சின்னச் சின்னக் கம்பிகள். ஒரு பூரான் படுத்திருப்பது போல இருந்தது.

"வாய்ல என்ன, கொழுக்கட்டையா? கேக்கேன்லா."

"நல்லா இருக்கு."

"எவ்வளவு நீளம்?"

கையை விரித்துக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அதை நான் யோசிக்கவில்லை.

"பேருதான் பேச்சி. வாயத் தொறந்தா முத்து உதுந்துரும்" என்றார்.

உலகம்மாள் பெரியத்தை என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது இடுப்பு எலும்பின் பந்து உடைந்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்திருக்கிறார்கள். கூடமாட இருக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று கேட்டார்கள், அம்மா அனுப்பிவிட்டாள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து நான் வீட்டில் பீடிதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் சொன்னதை வாசல்படியில் நின்று கேட்டேன். குத்தவைத்து உட்காரக் கூடாது. தாழ்ந்த இருக்கை கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதம் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு.

"மீறினா பந்து கிண்ணத்த விட்டு வெளிய வந்துரும். மறுபடி மேசைல ஏத்தணும். உங்களுக்கு சுகரும் இருக்கு, இருதயமும் சரியில்ல. இன்னொரு தடவ ஏத்துனா எறக்குவேன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

பெரிய மாமா தலையாட்டினார். பெரியத்தை என்னைப் பார்த்து, "கேட்டியாட்டி?" என்றார், நான்தான் ஏதோ தப்புச் செய்ததுபோல.

டிசம்பர் 10, புதன்

கழிப்பறை இருக்கைக்கு மேல் வைக்கும் உயரப் பீடம் வந்தது. கழுவுவது நான்.

டிசம்பர் 12, வெள்ளி

சின்னத்தை கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டார்.

இந்த வீடு நடுவில் முற்றத்தை வைத்து இரண்டு பாதியாக இருக்கிறது. இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். சௌந்தரம் சின்னத்தை தம்பியைக் கட்டியவர். ஓர்ப்படியாள்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதனால் நின்றது என்று கேட்டால் இந்தப் பக்கம் ஒரு கதையும் அந்தப் பக்கம் வேறொரு கதையும் வருகிறது.

சின்னத்தைக்கு எலும்பு தேய்ந்துபோய் வலித்துக்கொண்டே இருந்ததாம். மருமகன் கோயம்புத்தூரில் இருக்கிறார். அங்கே வைத்து இடுப்பு மாற்றியாகிவிட்டது. பெரியத்தைக்குப் பிறகுதான் செய்தது. ஆனாலும் காரிலிருந்து இறங்கி, ஒரு குச்சியை மட்டும் ஊன்றிக்கொண்டு, முற்றத்தைக் குறுக்காக நடந்தே போனார். பெரியத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்று பார்த்தார்.

சின்னத்தைக்குத் தையல் முன்பக்கம். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் விலக்கினால் தொடையின் மேலே தெரிகிறது. விசாரிக்க வந்த பெண்களுக்கெல்லாம் புது வளையலைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

"நாலு விரக்கடைதான். சதைய வெட்டவே இல்ல, வெலக்கி விட்டுட்டுப் போயிருக்காவ. புதுமுறை" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஏ பேச்சி, இங்கன வா. அங்க போய்ச் சொல்லு. மறுநாளே நடந்துட்டேன்னு சொல்லு."

நான் முற்றத்தின் நடுவில் போய் நின்று பெரியத்தையிடம் சொன்னேன்.

"நடந்து எந்தக் கோட்டையப் பிடிச்சாளாம்னு கேளு" என்றார் பெரியத்தை.

திரும்பிக் கேட்டேன். அவர் சொல்வது இவருக்கும் இவர் சொல்வது அவருக்கும் நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் நான் சொல்லும்வரை காத்திருக்கிறார்கள். நான் வருவதற்கு முன்னால் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

பயிற்சி கொடுக்க ஜெபராஜ் அண்ணன் வருகிறார். முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் முடிந்ததும் பெரியத்தை கேட்டார்.

"எனக்கு ஏன் பின்னாடி வெட்டினான், அவளுக்கு ஏன் முன்னாடி? உள்ளதச் சொல்லணும்."

"உள்ள வச்சது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார் அவர். "வீட்டுக்குள்ள பீரோ கொண்டு போறோம்னு வைங்க. முன்வாசல் வழியாவும் போகலாம், புறவாசல் வழியாவும் போகலாம். உள்ள போயிட்டா பீரோ ஒண்ணுதான். ஆனா எந்த வாசல் வழியா கொண்டு போனமோ அந்த நெலை கொஞ்ச நாளைக்கு ஆட்டம் குடுக்கும். பூச்சு காயிற வரைக்கும் அந்தப் பக்கம் சாயக் கூடாது. அவங்களுக்கு முன்னாடி வெட்டு, அதனால காலப் பின்னாடி நீட்டிப் பாதத்த வெளிய திருப்பக் கூடாது. உங்களுக்குப் பின்னாடி. உள்ள இருக்க சின்னத் தசைகள அறுத்துத் திரும்பத் தச்சிருக்கு. நீங்க மடங்கிக் குனிஞ்சா பந்து அந்த வழியாத்தான் வெளிய வரும்."

"அப்போ அவளுது ஒசத்தி."

"அப்படி இல்லம்மா. முன்னாடி வெட்டினா தொடை மரத்துப் போறது உண்டு. எல்லா டாக்டரும் செய்யவும் மாட்டாங்க. உங்க டாக்டருக்குப் பின்வழி கைவந்த வழி, அதான் செஞ்சாரு. ஒரு வருசம் கழிச்சு ரெண்டு பேரையும் ரதவீதில நடக்க விட்டா யாருக்கு எந்த வாசல்னு எனக்கே தெரியாது."

இந்தக் கடைசி வரி பெரியத்தையின் காதில் விழவே இல்லை. அவர் அப்புறம் சமையலறையில், சாப்பாட்டில், மாமா வந்தபிறகு என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். "புறவாசலாம். சாணி அள்ளுறவளும் கருவாட்டுக்காரியும் வார வழியா எனக்கு வந்திருக்கான்."

சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. அதாவது நான் கூப்பிடப்பட்டேன். "முன்வாசல்ல வந்தவுகளுக்கு மரியாதையே தனின்னு சொல்லு."

சொன்னேன். பெரியத்தை தண்ணீர்ச் செம்பை என் காலடியில் போட்டார். என் மேல் படவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி முதல் நாள். இரண்டு வாசலுக்கும் நான்தான் கோலம். அங்கே போட்டது பெரிதென்று இங்கேயும், இங்கே போட்டது பெரிதென்று அங்கேயும் ஏச்சு.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று சின்னத்தை நாற்காலியை முற்றத்தின் ஓரத்தில் போட்டு வெயில் காய உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பெரியத்தை உயர நாற்காலியில் இருந்தார். சின்னத்தை கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டார்.

மூத்தவள் எதிரில் இளையவள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பால்காரர்கூட நின்றுவிட்டார்.

"பேச்சி" என்றார் பெரியத்தை. "கால எறக்கச் சொல்லு."

நடுவில் போனேன். "கால எறக்கச் சொல்லுதாவ."

"டாக்டரே போடலாம்னுட்டாரு. அங்கயும் முடிஞ்சா போடச் சொல்லு. நானா வேண்டாங்கேன்?"

திரும்பினேன். சொன்னேன், சத்தம் எழும்பவில்லை.

"என்னட்டி, எலி கத்துன மாதிரி. சத்தமாச் சொல்லு. என்ன சொல்லுதா அவ?"

மறுபடியும் சொன்னேன். சின்னத்தையின் பாதம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கொலுசு இல்லாத கால், ஆனாலும் கொலுசு போட்டதுபோல ஆட்டினார். பெரியத்தை குனிந்து தன் கால்களைப் பார்த்தார். நடுவில் நான் வைத்த தலையணை இருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். தையல் கம்பிகளை எடுத்துவிட்டார்கள். ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் பெரியத்தை கேட்டார். "இப்போ சொல்லு. எவ்வளவு இருக்கு? அவளுத பாத்திருக்கேல்லா?"

ஒரு சாண் இருக்கிறது. நான் என் கையை வைத்தே பார்த்தேன், தொடாமல்.

"அவகளுது அளவுதான்" என்றேன்.

"உள்ளதாவா?"

"ம்."

பெரியத்தை சுவரைப் பார்த்தபடியே சிரித்தார். நான் வந்தபிறகு முதல் தடவை. சாப்பாட்டுக்கு எனக்கு அப்பளம் இரண்டு போடச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

சுரண்டையிலிருந்து பெரியத்தையின் மதினி நல்லம்மா மகள்கள் மருமகள்களோடு விசாரிக்க வந்தார். அறை முழுக்கப் பெண்கள். அந்தப் பக்கம் சின்னத்தையும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார், கேட்பதற்கு வசதியாக.

பெரியத்தை, "பின்னாடி வெட்டினா பெருசா இருக்கும்னு எவன் சொன்னான்? நாலு விரக்கடைதான். நீயே பாரு மதினி" என்று ஒருக்களித்துப் படுத்துச் சேலையை விலக்கினார். கதவு திறந்தே இருந்தது.

நல்லம்மா குனிந்து பார்த்தார். "என்ன மதினி, நாலு விரக்கடைங்க? முழுசா ஒரு சாண் இருக்கே. மேல கீழன்னு ரெண்டு வளைவு வேற."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சின்னத்தை வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாலும் கேட்கும்.

பெரியத்தை நிதானமாகச் சேலையைச் சரி செய்தார். தலையணையில் சாய்ந்துகொண்டார். என்னைப் பார்த்தார்.

"இந்தச் சவம் சொன்னத நம்பினேன் பாரு. இது என்னத்துக்குப் பள்ளிக்கூடத்த விட்டுச்சு தெரியுமா மதினி? எந்திச்சுப் பாடம் வாசின்னு வாத்திச்சி சொன்னாளாம். மத்ததுக வாசிச்சுது. இது நின்ன எடத்துலயே பாவாடைய நனைச்சிட்டு நின்னுருக்கு. அவ அம்மை அழுதுகிட்டே எங்கிட்டச் சொன்னா. வாய் பேசாதது, பொய் மட்டும் பேசுது."

அந்த மருமகள்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். அவள் என் பாவாடையைப் பார்த்தாள்.

சொன்னது உண்மைதான். அப்படித்தான் நடந்தது. அம்மா அதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். தம்ளர்களைக் கழுவினேன். இனிமேல் இதில் பெரியத்தைக்கு மரியாதை எழுதப் போவதில்லை.

டிசம்பர் 29, திங்கள்

பெரியத்தை தலையணை உறுத்துகிறது, வேண்டாம் என்றாள். எப்போதும் சொல்வதுதான். வேண்டாம் என்றாலும் வைப்பேன். இன்று வைக்கவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

பொங்கல் பேச்சு தொடங்கிவிட்டது.

இந்த வீட்டில் அடுப்பங்கரை இரண்டு, ஆனால் பொங்கல் பானை ஒன்று. தை முதல் நாள் காலையில் முற்றத்தில் மண்கட்டி மூன்றை வைத்து அடுப்புக் கூட்டுவார்கள். மூத்த மருமகள் அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சூடம் கொளுத்தி, பனை ஓலையைச் செருகித் தீ மூட்ட வேண்டும். மாமியார் இறந்ததிலிருந்து அது பெரியத்தையின் உரிமை. நின்றுகொண்டோ நாற்காலியில் இருந்தோ மூட்டுவது கிடையாது. அடுப்புக்கு முன்னால் முழங்கால் மடங்க வேண்டும்.

சின்னத்தை என்னைக் கூப்பிட்டார். "இந்த வருசம் அடுப்ப நான் பத்த வைக்கேன்னு சொல்லு. முடியாதவுகள நான் எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? எனக்கு முன்வாசல். உக்காரலாம், எந்திக்கலாம்."

சொன்னேன்.

"நான் உசுரோட இருக்கேன்னு சொல்லு" என்றாள் பெரியத்தை.

அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னாள். "அந்தத் தாழ்ந்த முக்காலிய எடுத்துட்டு வா."

அரிவாள்மணையில் காய் நறுக்குகிறவர்கள் உட்காரும் முக்காலி அது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. நான் நின்றேன்.

"என்னட்டி முழிக்க? டாக்டர் சொன்னாரு, தெரியும். அவ உக்காருதா. நான் உக்காந்தா மட்டும் கழண்டு விழுந்துருமா? கொண்டா."

பெரியத்தை கேட்டாள். கொண்டுவந்து வைத்தேன்.

"தோளக் குடு."

கொடுத்தேன். பாதி இறங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி ஏறினாள். நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்றாள்.

ஜனவரி 5, திங்கள்

ஜெபராஜ் அண்ணன் வந்தார். முக்காலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொல்லிவிட்டாள் பெரியத்தை.

"குனியல இல்லம்மா?"

"நான் எங்கப்பா குனியுதேன்."

அவர் பெரியத்தையின் பாதத்தைப் பிடித்து அப்படியும் இப்படியும் பார்த்தார். "பெருவிரல் உள்பக்கமாத் திரும்பி நின்னுச்சின்னா உடனே அசையாம நிறுத்தி எனக்குப் போன் பண்ணணும். பந்து நழுவ ஆரம்பிச்சா அதுதான் மொத அடையாளம்." பிறகு என்னிடம், "பேச்சி, நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க?" என்றார்.

தலையாட்டினேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

இன்று முக்காலி வரைக்கும் போய்விட்டாள். உட்கார்ந்தும் விட்டாள். எழும்போது இடுப்புக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஈரப் பலகை சொடுக்குவது மாதிரி. பெரியத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒன்றுமில்லை.

"கேட்டியா?" என்றாள்.

"இல்ல."

ஜனவரி 10, சனி

பச்சரிசி புடைத்தேன். பனங்கிழங்குக் கட்டு வந்தது. நன்றாகத் தூங்குகிறேன்.

ஜனவரி 12, திங்கள்

சின்னத்தை காலுக்குத் தைலம் தேய்க்க என்னைக் கூப்பிட்டார். பெரியத்தை மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்தார். தையலுக்குக் கீழே தொடை முழுக்கத் தொட்டால் தெரியவில்லையாம். கிள்ளிக் காட்டினார். அவருக்கு வலிக்கவில்லை. இடது முழங்கால்தான் வீங்கியிருந்தது, பாரமெல்லாம் அதிலேயே ஊன்றி ஊன்றி.

"கால் மேல கால் போட்டேன்லா அன்னைக்கு. ராத்திரி பூரா வலி" என்றார். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் குத்தவைக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காவ. முன்வாசல் என்ன, பின்வாசல் என்ன. வீம்புக்குச் சொல்லிட்டேன். இப்போ அவ பயிற்சி எடுக்காளாமே. கட்டிலுக்கடியில முக்காலி இருக்குன்னு பெருக்க வார வேலைக்காரி சொல்லுதா. உள்ளதா?"

 சின்னத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். இதுவரை அவர் என்னிடம் சத்தமாகத்தான் பேசியிருக்கிறார், அந்தப் பக்கம் கேட்பதற்காக. இன்று மெதுவாகப் பேசினார்.

"கழுத்தறுப்பு என்ன இருந்தாலும் அவ சாவணும்னு நான் நெனைக்கல. இத அவ காதுல மட்டும் சொல்லு. என்னால குத்தவைக்க முடியாதாம், நான் மூட்ட வரல, நீங்களும் உக்கார வேண்டாம், யாராவது ஒரு பிள்ளைய விட்டு மூட்டிக்கிடுவோம்னு சொல்லு. அவ சரின்னா நான் முற்றத்துக்கே வரல. சொல்லுவியா?"

தலையாட்டினேன்.

வந்து பார்த்தபோது பெரியத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் திட்டுவாள். எழுந்ததும், "அங்க என்னட்டி இவ்வளவு நேரம்? என்ன சொன்னா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தைலம்" என்றேன்.

பிறகு முக்காலி இல்லாமல், தரையில், இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்து பார்த்தாள்.

ஜனவரி 13, செவ்வாய்

சின்னத்தை கொல்லைக் கதவருகே பிடித்துக் கேட்டார். "சொன்னியா?"

தலையாட்டினேன்.

"என்ன சொன்னா?"

தலையை இடமும் வலமும் அசைத்தேன்.

சின்னத்தை குச்சியை மாற்றிப் பிடித்தார். "அவ்வளவு திமிரா. சரி. உக்காரட்டும். நாற்காலி போட்டு எதுத்தாப்புல இருந்து பாக்கேன்" என்றார்.

ஜனவரி 14, புதன்

பொங்கல் கட்டி மூன்றுக்கும் வெள்ளையடித்தேன். காவிப் பட்டை போட்டேன். பெரியத்தை பட்டுச்சேலையை எடுத்துக் காற்றாட விட்டாள்.

இன்றும் சொல்ல நேரம் அமையவில்லை.

ஜனவரி 15, வியாழன்

வீட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில். வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. அம்மா உப்புத் தண்ணீரில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். நகத்துக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு போகவே மாட்டேன் என்கிறது. பெரிய மாமா போனில் பேசியது அம்மாவின் காதைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. தைப்பொங்கலும் அதுவுமாக இப்படி ஒரு மூதியை அனுப்பி வைத்தாயே என்றார். இனி அந்தப் படி மிதிக்கக் கூடாது என்றார். அம்மா அழுதாள். ஏன் செய்தாய் என்று கேட்டாள்.  தட்டை மடியில் வைத்துப் பீடி இலை வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். இரண்டு மாமாக்கள், கடை ஆட்கள், கோயம்புத்தூர் மருமகன், அடுத்த வீட்டுக்காரர்கள். மஞ்சள் குலை கட்டிய பானை அடுப்பில் ஏறி இருந்தது, பாலும் தண்ணீருமாக. ஓலைக்கட்டு பக்கத்தில் கிடந்தது. சின்னத்தை சொன்னபடியே எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால் மேல் கால் போட்டிருந்தார். வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரியத்தை வாக்கரைச் சுவரில் சாத்திவிட்டுக் குச்சியோடு வந்தார். பட்டுச்சேலை. நெற்றியில் பெரிய குங்குமம். அடுப்பின் முன்னால் வந்ததும், "தோளக் குடு" என்றார்.

கொடுத்தேன். நான் குனியக் குனியத்தான் அவரும் இறங்குவார். அப்படித்தான் பழகியிருந்தோம்.

பாதி இறங்கியதும் அவர் நின்றார். என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. மேலுதட்டில் வியர்வை. காலையில் அந்தக் குளிரில் யாருக்கும் வியர்க்காது. சேலை மறைத்ததால் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. வலது பாதத்தின் பெருவிரல் மெதுவாக உள்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"பேச்சி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. ஏட்டி என்று சொல்லவில்லை. முகத்தில் பயம் இருந்தது. ஆனால் கண் எதிரில் இருந்த நாற்காலியைத்தான் பார்த்தது. மேலே ஏறச் சொல்லவில்லை. "குனி" என்றார்.

நான் குனியவில்லை.

"குனிட்டி. எல்லாரும் பாக்காவ."

எல்லோரும் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வகுப்பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்ன வந்ததோ அதுதான் வந்தது. ஒன்றும் வரவில்லை. பெரியத்தை என் தோளைத் தள்ளிவிட்டுக் குச்சியைத் தரையில் ஊன்றித் தானாகவே இறங்கப் பார்த்தார். சூடம் இருந்த தட்டை யாரோ அவர் பக்கம் நீட்டினார்கள்.

நான் முன்பக்கக் கட்டியை உதைத்தேன். நகரவில்லை. மறுபடியும் ஓங்கி உதைத்தேன். கட்டி உருண்டது, பானை சரிந்தது. பால் முற்றம் முழுக்க ஓடிச் சின்னத்தையின் நாற்காலிக் கால்வரை போனது. அதற்குள் பெரியத்தையின் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருந்தேன். அடுப்பு இல்லை, பானை இல்லை, இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. அவர் நிமிர்ந்தார். பாதம் நேராகும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் சத்தம் வந்தது. யார் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டியதில்லை. சின்ன மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கடை ஆள் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் நொண்டிக்கொண்டே போய் உயர நாற்காலியை இழுத்துவந்து பெரியத்தைக்குப் பின்னால் போட்டேன். அவர் உட்கார்ந்தார். கால்களுக்கு நடுவில் என் தாவணியைச் சுருட்டி வைத்தேன்.

"எதுக்குட்டி செஞ்ச?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

முற்றத்தின் நடுவில், எப்போதும் நிற்கும் இடத்துக்குப் போனேன். பால் வெதுவெதுப்பாகக்கூட இல்லை, காலுக்கடியில் ஜில்லென்று இருந்தது. சின்னத்தை காலை இறக்கிவிட்டு, வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பெரியத்தையின் பக்கம் திரும்பி நின்று, திங்கட்கிழமை சின்னத்தை சொல்லியனுப்பியதை ஒரு சொல் விடாமல், தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.